மேட்டைப் பார்த்தால் ரூம் தெரியும்: ஃபேவர்ஷம் நாட்குறிப்பு

நாள் 1, வெள்ளி

அம்மா இங்கிலாந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. அரண்மனை, பாலம், மியூசியம் எல்லாம் பார்த்தாயிற்று. இனி எங்கேயும் வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறேன் என்றாள். அப்போதுதான் ஃபேவர்ஷம் பற்றிச் சொன்னேன். லண்டனுக்குக் கிழக்கே, கென்ட் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே வெடிமருந்து செய்திருக்கிறார்கள். இப்போது ஒன்றும் இல்லை, இடிந்து கிடப்பதைப் போய்ப் பார்க்கலாம் என்றேன்.

"மருந்துக் கம்பெனியா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு வேறு எதுவும் கேட்கவில்லை. பையில் துணி எடுத்து வைக்கத் தொடங்கிவிட்டாள்.

அம்மா 26 வருடம் பட்டாசு ஆபீஸில் வேலை பார்த்தவள். சிவகாசிப் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். சின்ன வயதில் வேறு ஊர்ப் பிள்ளைகளிடம் "எங்க அம்மா ஆபீஸ்ல வேலை பாக்குது" என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் மேசை நாற்காலி என்று நினைத்துக்கொள்வார்கள். அம்மா பார்த்தது மருந்து செலுத்தும் வேலை, அதாவது பட்டாசுக்குள் வெடிமருந்தை நிரப்புவது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நகக்கண்ணில் வெள்ளி நிறம் இருக்கும். புளி போட்டுத் தேய்த்தாலும் முழுதாகப் போகாது.

செயின்ட் பான்கிராஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. கைவிடப்பட்ட தொழிற்சாலையைத் தேடிப் போகிறவர்கள் செடி தழைப்பதற்கு முன்னால் போக வேண்டும். ஏப்ரல் தாண்டினால் காஞ்சொறிச் செடியும் முட்புதரும் எல்லாவற்றையும் மூடிவிடும். இப்போது வெயிலும் சாய்வாக விழுகிறது. முக்கால் அடி மேடாக இருந்தாலும் நிழல் காட்டிக்கொடுக்கும். ஸ்காட்லாந்து தேசிய நூலகம் பழைய சர்வே வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இந்தப் பகுதிக்கானவற்றை அச்செடுத்துப் பையில் வைத்திருக்கிறேன்.

ஊருக்குள்ளேயே முதல் இடம். வெஸ்ட்புரூக் ஓடைக் கரையில் சார்ட் மில்ஸ். கருமருந்து என்று சொல்லும் பழைய வகை வெடிமருந்தை அரைத்த 18-ஆம் நூற்றாண்டு ஆலை, உலகில் இந்த வகையில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது என்கிறார்கள். 1960-களில் சுற்றியிருந்த பழைய ஆலை நிலத்தில் வீடுகள் கட்டத் தொடங்கியபோது இதுவும் மண்ணோடு போக இருந்தது. ஃபேவர்ஷம் சொசைட்டி என்ற ஊர்ச் சங்கம் தலையிட்டு மீட்டது. இன்று அது குடியிருப்புக்கு நடுவே நிற்கிறது. தெருவின் பெயர் நோபல் கோர்ட். இந்த ஆலைகள் கடைசியில் நோபல் இண்டஸ்ட்ரீஸிடமும், 1926-க்குப் பிறகு ஐ.சி.ஐ. நிறுவனத்திடமும் போய்ச் சேர்ந்தன. அந்தப் பெயர் மட்டும் தெருப் பலகையில் தங்கிவிட்டது.

நாங்கள் போனபோது பூட்டியிருந்தது. வெளியே நின்றே பார்த்தோம். இங்கே என்ன நடந்தது என்று அம்மாவுக்குச் சொன்னேன். வட்டக் கல்தளத்தின் மேல் இரண்டு பெரிய கல் உருளைகள் செங்குத்தாக நின்று சுற்றும். சுற்ற வைப்பது ஓடைத் தண்ணீர். உருளைக்கு அடியில் வெடியுப்பு, கரி, கந்தகம். நூறு பங்குக்கு 75, 15, 10. மணிக்கணக்கில் அரைபடும்.

"செக்கு மாதிரி" என்றாள். "ஈரம் போட்டுத்தான அரைச்சிருப்பாக?"

ஆமாம், தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் அரைப்பார்கள். நான் அதைச் சொல்லவே இல்லை. படித்துத் தெரிந்துகொண்டதை அவள் கையால் தெரிந்து வைத்திருக்கிறாள்.

வெடியுப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொன்னேன். நம் நாட்டிலிருந்து. பீகாரில் நோனியா சமூகத்து மக்கள் மாட்டுத் தொழுவத்து மண்ணையும் பழைய சுவர் ஓரத்து மண்ணையும் சுரண்டி, கரைத்து, வடித்து, காய்ச்சி எடுத்தது. பாட்னாவில் சேர்ந்து, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலில் லண்டன் வந்து, அங்கிருந்து இந்த மாதிரி ஓடைகளுக்கு வந்தது. கந்தகம் சிசிலியிலிருந்து. கரிக்கு மட்டும் இங்கத்திய மரம். டிரஃபால்கர் கடற்போருக்கும் வாட்டர்லூவுக்கும் மருந்து அனுப்பிய ஊர் என்று ஃபேவர்ஷம்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அந்த மருந்தில் முக்கால் பங்கு பீகார் தொழுவத்து மண்ணிலிருந்து வந்த உப்பு. சார்ட் மில்ஸ் வேலிக்கு வெளியே நிற்கும்போது அதுதான் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

ஊருக்கு நடுவிலேயா ஆலை வைத்திருந்தார்கள் என்று அம்மா கேட்டாள். அப்படித்தான் இருந்தது. 1759-இல் அரசாங்கமே விலைக்கு வாங்கி நடத்திய ஆலை இது. 1781-இல் பெரிய வெடிப்பு நடந்த பிறகுதான் ஆபத்து அதிகமான வேலைகளை ஊரைவிட்டு வடக்கே சதுப்பு நிலத்துக்குக் கொண்டுபோனார்கள். அதுதான் மார்ஷ் ஒர்க்ஸ்.

"வெடிச்சப்புறம்தான்" என்றாள் அம்மா. கேள்வியாகக் கேட்கவில்லை.

நாள் 2, சனி

காலையில் ஊருக்கு மேற்கே உள்ள பள்ளத்தாக்கு. கிராமத்தின் பெயர் 'ஓர்'. தமிழில் அது எண்ணாகிவிடும் என்பதால் மேற்கோள் குறிக்குள்ளேயே எழுதுகிறேன். கருமருந்து ஆலை 1934-இல் மூடப்பட்டது. ஃபேவர்ஷத்தின் மூன்று கருமருந்து ஆலைகளும் அந்த ஆண்டிலேயே மூடின. ஐரோப்பாவில் இன்னொரு போர் வரும்போல் இருந்தது, இந்தக் கரை எதிரிக்குப் பக்கம். உற்பத்தி ஸ்காட்லாந்தின் ஆர்டீருக்குப் போய்விட்டது. இப்போது அது பொதுப் பூங்கா. நாயோடு நடக்க வருகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் பார்த்தால் காடு. ஈரமான மண், பாசி பிடித்த மரங்கள், ஆங்காங்கே தேங்கிய தண்ணீர். ஆனால் அந்தத் தண்ணீர் நேராக ஓடுகிறது. இயற்கையான ஓடை வளைந்துதான் போகும். நேர்கோட்டில், ஒரே அகலத்தில், கரை கட்டிப் போனால் அது வெட்டியது. வண்டிச் சக்கரத்தின் இரும்பு கல்லில் உரசினால் பொறி கிளம்பும் என்பதால் மருந்தைச் சின்னப் படகில் ஏற்றி ஒரு கட்டடத்திலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வெடிமருந்து ஆலையை அடையாளம் காண முதல் சாட்சி இந்தக் கால்வாய்தான்.

அடுத்தது செங்கல் சுவர்கள். கனமான சுவர்கள், ஒன்றுக்கொன்று இணையாக, வரிசையாக நிற்கின்றன. முன்பக்கம் சுவர் இல்லை, பின்பக்கம் இல்லை, கூரை இல்லை. இடிந்துபோய்விட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள். நான் வரைபடத்தை விரித்துக்கொண்டு நின்றேன். அம்மா ஒரு சுவரின் கனத்தைச் சாண் போட்டு அளந்து பார்த்தாள்.

"ஏய்யா, இது இடிஞ்சதில்ல. கட்டும்போதே இப்பிடித்தான் கட்டியிருப்பாக."

"எப்படிச் சொல்ற?"

"பக்கத்து ரூமுக்குப் போகக் கூடாதுன்னா நடுச்சுவரு கனமா வேணும். முன்னாடி லேசாப் பலகைதான் வச்சிருப்பாக. வெடிச்சா அந்தப் பக்கமாப் போகட்டும்னு. மேலயும் லேசா."

அரைவை ஆலைக்கான விளக்கம் இதேதான். கனத்த குறுக்குச் சுவர்கள், மெல்லிய முகப்பு, மெல்லிய கூரை. வெடித்தால் பலகை பறக்கும், சுவர் நிற்கும், அடுத்த அறைக்காரன் பிழைப்பான். நூறு வருடத்தில் மரம் மக்கிப்போய்ச் சுவர் மட்டும் மிச்சம். தொல்லியல் அளவீட்டாளர்கள் பல ஆண்டுகள் பழகிப் படித்தெடுப்பதை அம்மா கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டாள். எனக்குத் தொண்டை அடைத்தது. 26 வருடத்தில் அவளுக்கு ஏதாவது தெரியும் என்று அவளிடம் யாராவது சொல்லியிருப்பார்களா? நான் சொன்னதில்லை.

அதன்பிறகு வரைபடத்தை மடித்து வைத்துவிட்டேன். அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன்.

மரங்களுக்கு நடுவே மண்மேடுகள். சில ஆள் உயரத்துக்கு மேல். மேல் பரப்பில் மரமே வளர்ந்துவிட்டதால் இயற்கைக் குன்றுபோல் தெரிகின்றன. உள்ளே நுழைந்து பார்த்தால் குதிரை லாட வடிவம் புரியும். மூன்று பக்கம் மண், ஒரு பக்கம் திறப்பு. நடுவில் சமதளம், ஏதோ ஒரு செங்கல் விளிம்பு, அவ்வளவுதான். நடுவில் இருந்தது மர வீடு. வேண்டுமென்றே மரத்தில் கட்டினார்கள். கல்லாலோ செங்கல்லாலோ கட்டினால் வெடிக்கும்போது ஒவ்வொரு கல்லும் குண்டாகிப் பறக்கும். ஆகவே இப்படிப்பட்ட இடத்தில் தேட வேண்டியது கட்டடத்தை அல்ல, அதைச் சுற்றியிருந்த மண்ணை. மண்மேடு எந்தப் பக்கம் உயரமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் இன்னொரு கட்டடம் இருந்திருக்கும். அந்தத் திசையில் நடந்து பாருங்கள், அடுத்த தளம் கிடைக்கும். நாங்கள் அப்படித்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கண்டுபிடித்துக்கொண்டே போனோம்.

திறப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைத்தான் அம்மா கவனித்துக்கொண்டே வந்தாள். ஆள் ஓடி வெளியே வருவதற்கான வழி அது. ஒரு திறப்பில் நின்று, "இதுல ஓடியிருக்க முடியாது. வாய்க்கா குறுக்க வருது" என்றாள். வாய்க்கால் உண்மையிலேயே இரண்டு எட்டில் இருந்தது. மேலே பாலமோ பலகையோ இருந்திருக்கலாம் என்றேன். "இருந்திருக்கணும்" என்றாள்.

அரைத்த மருந்தை அழுத்திப் பாளமாக்கி, பிறகு உடைத்துக் குருணையாக்குவார்கள். குருணையின் அளவைப் பொறுத்து எரியும் வேகம் மாறும். துப்பாக்கிக்குச் சன்னமாக, பீரங்கிக்குப் பெரிதாக, சுரங்கத்துக்கு இன்னொரு அளவு. அம்மா கேட்டது: "மணி மருந்து மாதிரியா?" வானத்தில் பூவாய் விரியும் பட்டாசுக்குள் உருண்டை உருண்டையாய் வைப்பதை எங்கள் பக்கம் மணி மருந்து என்பார்கள். வேறு சரக்கு, ஆனால் காய்ந்த மருந்தைத் துண்டாக்கும் வேலை எங்கேயும் ஒரே வேலைதான். எங்கள் ஊர் விபத்துச் செய்தி ஒவ்வொன்றிலும் வரும் வார்த்தை 'உராய்வு'. இங்கே அதிகம் பேர் செத்த கட்டடங்களின் வரிசையிலும் குருணையாக்கும் வீட்டுக்குத் தனி இடம் உண்டு. 1781-இல் வெடித்ததும் அதுதான்.

சாயங்காலம் கால்வலி என்று அம்மா அறைக்குத் திரும்பிவிட்டாள். நான் மட்டும் ஊருக்கு வடக்கே, பழைய மார்ஷ் ஒர்க்ஸ் இருந்த பக்கம் போனேன். பார்க்க அதிகம் இல்லை. சரளை மண் தோண்டியெடுத்தார்கள், பிறகு வீடுகள் வந்துவிட்டன. ஆனால் இந்தக் கதையில் அந்த இடத்தை விட்டுவிட்டு என்னால் மேலே போக முடியாது. 1846-இல் ஷோன்பைன் என்ற வேதியியலாளர் பஞ்சை அமிலத்தில் நனைத்து வெடிப்பஞ்சு செய்யும் முறையைக் கண்டார். உரிமம் வாங்கி அதைத் தொழிற்சாலை அளவில் முதலில் செய்யத் தொடங்கியது இங்கே, ஜான் ஹால் கம்பெனி. கருமருந்துக்குப் பழகிய கைகள் புதுச் சரக்கைத் தொட்டன. பஞ்சில் அமிலம் துளி மிச்சம் இருந்தாலும் தானாகவே சூடேறும் என்பது அப்போது யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. 1847 ஜூலை 14 அன்று வெடித்தது. 18 பேர் செத்தார்கள். அவர்களில் 10 பேரைத்தான் இன்னார் என்று அடையாளம் காண முடிந்தது.

இரவு அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "மிச்ச எட்டுப் பேரு வீட்ல எதை வச்சுக் காரியம் பண்ணியிருப்பாக?" என்று கேட்டாள்.

நாள் 3, ஞாயிறு

காலை முழுக்க மழை. மதியம் விட்டதும் டாக்ஸி பிடித்து ஸ்வேல் கரைக்குப் போனோம். ஸ்வேல் என்பது கென்ட் நிலத்தையும் ஷெப்பி தீவையும் பிரிக்கும் கடல் கால்வாய். எதிர்க்கரையில் ஹார்ட்டி. ஒரு காலத்தில் படகுத்துறை இருந்தது, தீவிலிருந்து ஆட்கள் அதில் வேலைக்கு வந்தார்கள். இப்போது இந்தப் பக்கம் பறவைக் காப்பிடம். சேற்றில் நூற்றுக்கணக்கில் கருவால் மூக்கன்கள் குத்திக் குத்தி மேய்ந்துகொண்டிருந்தன. வானத்தில் ஒரு பூனைப் பருந்து தாழப் பறந்தது.

கடல் தடுப்புக் கரையின் மேல் சாக்சன் ஷோர் வே என்ற நடைபாதை போகிறது. அதில் மேற்கே நடந்தால் அப்லீஸ். உள்பக்கம் மேய்ச்சல் நிலம், தனியார் நிலம். ஆகவே பாதையை விட்டு இறங்காமல் மேலிருந்தே பார்த்தோம். உண்மையில் மேலிருந்து பார்ப்பதுதான் நல்லது. மழைக்குப் பிறகு வெயில் சாய்வாக வந்து, தட்டையான புல்வெளியில் நேர்க்கோடுகள் எழுந்து நின்றன.

'ஓர்' காட்டில் பார்த்ததற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. அங்கே தண்ணீரும் கல் உருளையும். இங்கே வேதியியல். 1873-இல் காட்டன் பௌடர் கம்பெனி இங்கே வந்தது. வெடிப்பஞ்சோடு பேரியம் நைட்ரேட் கலந்த டோனைட் என்ற சரக்கில் தொடங்கினார்கள். 1912-இல் பக்கத்திலேயே எக்ஸ்புளோசிவ்ஸ் லோடிங் கம்பெனி வந்தது. குண்டுகளுக்குள் மருந்து நிரப்புவதுதான் அவர்களுடைய வேலை. அம்மாவின் வார்த்தையில் மருந்து செலுத்துதல். இரண்டும் சேர்ந்து சதுப்பு நிலத்தில் ஒரு தனி ஊராகவே இருந்திருக்கின்றன. தொழிலாளரை ஏற்றிவர 1916-இல் சின்ன ரயில் பாதை ஒன்றும் போட்டார்கள். போர் முடிந்ததும் எல்லாம் மூடிவிட்டது.

புல்லில் கொஞ்சம் உயர்ந்து, நேராக, ஒரே அகலத்தில் போகும் கோடு என்றால் டிராம் பாதை. சதுர மேடுக்கு நடுவே பள்ளம் என்றால் மருந்து வீடு. தரையோடு தரையாக உடைந்த கான்கிரீட் துண்டுகள் இயந்திரம் நின்ற மேடை. கட்டடங்கள் நெருங்கி நெருங்கி இருந்த பக்கம் அமிலமும் கொதிகலனும். தள்ளித் தள்ளி, ஒன்றுக்கொன்று முகம் பார்க்காமல் இருந்த பக்கம் மருந்து. இடைவெளியைப் பார்த்தே வேலையைச் சொல்லிவிடலாம். ஸ்வேல் சேற்றில் கறுத்த மரத் தூண்கள் நிற்கின்றன, படகில் சரக்கேற்றிய துறையின் மிச்சம்.

அந்த இடைவெளிகளுக்குச் சட்டம் வந்தது 1875-இல். பிரிட்டனின் வெடிபொருள் சட்டம். எந்தக் கட்டடத்துக்கும் எந்தக் கட்டடத்துக்கும் எவ்வளவு தூரம், ஒரு கட்டடத்தில் எத்தனை பேர், எவ்வளவு மருந்து என்று உரிமத்தோடு கட்டி வைத்தார்கள். இந்தியாவில் ஆங்கில அரசு 1884-இல் கொண்டுவந்த வெடிபொருள் சட்டத்தின் கீழ்தான் இன்றைக்கும் எங்கள் ஊர்ப் பட்டாசு ஆபீஸ்கள் உரிமம் வாங்குகின்றன. அம்மாவின் ரூமில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்ற விதிக்கு வேர் இந்தப் பக்கத்து மண்ணில் இருக்கிறது.

"நாலு பேருன்னுதான் போர்டுல எழுதியிருக்கும்" என்றாள் அம்மா. "தீபாவளி நெருங்கினா ஏழு எட்டுப் பேரு இருப்போம். இன்ஸ்பெக்சன்னு சொன்னா பாதிப்பேரு வெளிய மரத்தடிக்குப் போயிருவோம்."

1916-இல் அப்லீஸில் நடந்ததும் இதற்குப் பக்கத்து உறவுதான். போர் நடந்துகொண்டிருந்தது, குண்டு கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டி.என்.டி. என்ற வெடிமருந்து, எளிதில் வெடிக்காத சரக்கு என்று பெயர் வாங்கியிருந்தது. அதை அமோனியம் நைட்ரேட்டோடு கலந்து குண்டில் நிரப்பினார்கள். 833 என்று எண்ணிட்ட கட்டடத்தில் அன்று 15 டன் டி.என்.டி.யும் 150 டன் அமோனியம் நைட்ரேட்டும் இருந்தன. கட்டடச் சுவரில் காலிச் சாக்குகளைச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். டி.என்.டி. வந்த சாக்குகள், தூள் ஒட்டியவை. பக்கத்தில் கொதிகலன்.

ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை. நண்பகல் தாண்டியதும் சாக்கில் தீ தெரிந்தது. கொதிகலன் புகைபோக்கியிலிருந்து வந்த பொறி என்று பின்னால் சொன்னார்கள். ஆட்கள் ஓடிவிடவில்லை. வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். சிலர் உள்ளேயிருந்த மருந்தை வெளியே தூக்கிப் போட்டார்கள். ஆலையின் தீயணைப்புப் படை வந்தது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 2.20-க்கு வெடித்தது. அதைத் தொட்டுப் பக்கத்துக் கட்டடங்களும் வெடித்தன. தேம்ஸ் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் சவுத்எண்டில் கண்ணாடி உடைந்தது. நார்விச்சில் சத்தம் கேட்டது. 108 பேர் செத்தார்கள், எல்லாரும் ஆண்களும் பையன்களும். தீயணைப்புப் படையில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பெண்கள் நிறையப் பேர் அங்கே வேலை பார்த்தார்கள், ஞாயிற்றுக்கிழமை என்பதால் வரவில்லை. போர்க்காலத் தணிக்கை இருந்ததால் பத்திரிகைகளில் ஊர்ப்பெயரைக்கூடப் போட முடியவில்லை.

அணைக்கப் போனவர்கள் செத்தார்கள் என்பதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. 2012 செப்டம்பர் 5 எங்கள் பக்கம் யாருக்கும் மறக்காது. முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆபீஸில் தீப்பிடித்தது. 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆபீஸில் வேலை பார்த்தவர்களே அல்ல. புகையைப் பார்த்துத் தூக்கிவிட ஓடிப்போன பக்கத்து ஊர்க்காரர்கள். அம்மா அப்போது வேலையை விட்டிருந்தாள். எங்கள் தெருவிலிருந்தும் ஆட்கள் ஓடினார்கள். சைக்கிளில் ஏறப்போன அப்பாவின் கேரியரைப் பிடித்து இழுத்து நிறுத்தியது அம்மாதான். அதற்காக அவர் அவளோடு ஒரு வாரம் பேசவில்லை.

கரையில் ஒரு இடத்தில் உட்கார்ந்தோம். கீழே புல்வெளியில் ஆடுகள். சதுர மேடு ஒன்றின் உச்சியில் ஒரு ஆட்டுக்குட்டி ஏறி நின்றது.

"இங்க ரெண்டு மணி நேரம் இருந்திருக்கு" என்றாள் அம்மா. "யாராச்சும் ஒரு ஆளு எல்லாரும் வெளிய போங்கடான்னு சொல்லியிருந்தா."

டாக்ஸி வரும்வரை அவள் வேறு எதுவும் பேசவில்லை.

நாள் 4, திங்கள்

இன்று எழுத அதிகம் இல்லை.

லவ் லேன் கல்லறை ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1916 ஏப்ரல் 6, வியாழக்கிழமை, கேன்டர்பரி பேராயர் வந்து அடக்கம் செய்திருக்கிறார். ஒரே நீளக் குழி. இப்போது அதன் மேல் புல், நடுவே உயரமான கல் சிலுவை. சுற்றிலும் பெயர்கள். சில குடும்பங்கள் தங்கள் ஆளைத் தங்கள் ஊருக்கே கொண்டுபோயிருக்கின்றன. குழிக்குள் போனவர்களில் அடையாளம் தெரியாதவர்களும் உண்டு.

மூன்று நாளாக நாங்கள் செய்துகொண்டிருந்த வேலை அடையாளம் காணுவது. இந்தச் சுவர் அரைவை ஆலை, இந்தக் கோடு டிராம் பாதை, இந்தப் பள்ளம் மருந்து வீடு. கட்டடத்தைக் கண்டுபிடிக்க மண் போதுமானதாக இருந்தது. இந்தக் குழியின் ஓரத்தில் நின்றபோது வரைபடத்தைப் பையிலிருந்து எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை.

அம்மா வாசித்துக் காட்டச் சொன்னாள். ஒவ்வொரு பெயராக வாசித்தேன். உச்சரிப்பு எல்லாம் சரியாக வந்திருக்காது. அவள் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றாள், யாரோ ஊரில் இருந்து வந்தவர்களை அறிமுகப்படுத்தினால் சொல்வதுபோல. மூட்டுவலியில் அவ்வளவு நேரம் நிற்க மாட்டாள். இன்று உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

கடைசிப் பெயர் முடிந்ததும், "பொம்பளைக பேரு ஒண்ணும் வரலையே" என்றாள்.

"ஞாயித்துக்கிழமைம்மா."

"ஆமா, சொன்னியே." கொஞ்சம் பொறுத்து, "திங்கக்கிழமை அவுக வேலைக்கு வந்திருப்பாகல்ல?" என்றாள்.

வந்திருப்பார்கள். போர் முடிய இன்னும் இரண்டரை வருடம் இருந்தது.

வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அம்மா போனை எடுத்தாள். இங்கே மதியம் பன்னிரண்டரை, ஊரில் சாயங்காலம் ஆறு. கூட வேலை பார்த்த சின்னம்மா ஒருத்தி இன்னும் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். அவளைக் கூப்பிட்டு வீடியோவில் கல்லறையைக் காட்டவில்லை. சிலுவையையும் காட்டவில்லை. முந்தாநாள் நான் எடுத்த படங்களை அனுப்பச் சொன்னாள், அந்தக் கனத்த சுவரும் லாட வடிவ மேடும்.

"பாத்தியா? மூணு பக்கமும் மண்ணு. ஒரு ஆளு உசரத்துக்கு மேல. நம்ம ரூமுக்கு இப்பிடி எங்க போட்டாக?"

அந்தப் பக்கம் சின்னம்மா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. டி.வி. சத்தம் கேட்டது, குக்கர் விசில் கேட்டது.

"சரி, அது கெடக்கட்டும்" என்றாள் அம்மா. "இன்னைக்கு ரூம்ல எத்தனை பேரு இருந்தீக?"